சைகட் மரமும் கூன்வண்டும்

கூன்வண்டு என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்திலே தென்னந்தோப்பு உடையவர் முகஞ்சுளிப்பர். தென்னையின் மென்மையான பாகத்தில் அவ்வண்டு முட்டையிட, முட்டையினின்றும் வெளிப்படும் புழுக்கள் உள்ளிருந்தவாறே தண்டினைக் குடைந்து தின்ன, புறத்தே பசுமையாய் நின்ற மரம் ஒருநாள் தலைசாய்ந்து விடுவதை அவர்கள் கண்டிருக்கின்றனர். ஆதலின் வண்டு மரத்தைத் தின்றால் மரத்துக்குக் கேடு என்பதே நம்மவரின் பொதுக் கருத்து. அக்கருத்தில் பிழையொன்றும் இல்லை. தோப்பு உடையவர் அதனை மாற்றிக்கொள்ள வேண்டுவதும் இல்லை.

நாம் ஈண்டுக் கூறப்புகுவது வேறொருவகைத் தீனி. மூக்கு நீண்ட வண்டுகளின் பெருங்குலத்தைச் சேர்ந்த மிகச் சிறிய வண்டு ஒன்று, மெக்ஸிகோ நாட்டின் கீழைக் கடற்கரையிலே, பழங்குலத்துத் தாவரம் ஒன்றின் ஆண்கூம்பைத் தின்கிறது, அக்கூம்பினுள்ளேயே துணையொடு கூடுகிறது, முட்டையிடுகிறது, அதன் புழுக்களும் அக்கூம்பையே தின்று வளர்கின்றன. இத்துணையும் பொறுத்துக்கொண்டு அத்தாவரம் அழியாதிருக்கிறது. அன்றியும், அவ்வண்டு தின்னாது ஒழியுமாயின் அதற்கு வித்து உண்டாவதே இல்லை. உண்பதும் உண்ணப்படுவதுமாகிய இவ்விரண்டன் உறவு எவ்வாறு நடைபெறுகிறது, எத்துணைப் பழமையானது, இப்பொழுது எந்நிலையில் இருக்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சைகட் என்னும் தாவரக் குலத்தைத் தாவர நூல் பயிலும் மாணாக்கர் நன்கு அறிவர். சைகஸின் சிற்றிலையைக் குறுக்கே சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் படம் வரையாது தாவர நூலில் பட்டம் பெற்றவர் நம்முள் அரியர். மற்றையோர்க்காகச் சில சொற்கள் கூறுவோம். தோற்றத்தால் இது குட்டைப் பனையையோ ஈச்சமரத்தையோ ஒத்திருக்கும். எனினும் பனைக்கும் இதற்கும் யாதோர் உறவும் இல்லை. பைன், கிங்கோ முதலியவற்றைப் போல இதுவும் மூடாத வித்துடைய தாவரம். இதற்குப் பூவும் இல்லை, கனியும் இல்லை. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்மரத்தின் உச்சியில் செதில்கள் நெருங்க அடுக்கிய கூம்பு ஒன்று எழும். அச்செதில்களின் அடிப்புறத்தில் மகரந்தப் பைகள் செறிந்திருக்கும். பெண்மரமும் பெரும்பாலும் அவ்வாறே கூம்பு தாங்கும். அதன் செதில்களின் உட்புறத்தே சூல்கள் மறைந்திருக்கும். இக்குலத்தில் இன்று 10 பேரினங்களும் 350-க்கு மேற்பட்ட இனங்களும் உள்ளன. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்ப நாடுகளே இவற்றின் உறைவிடம். இவற்றின் முன்னோர் விட்டுச்சென்ற பதிவுகள் 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலும் கிடைக்கின்றன.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலும் சைகஸ் உண்டு. அதனை மலையாளத்தார் ஈந்து என்பர். தமிழில் ஈந்து என்பது ஈச்சமரத்தையே குறிக்குமாதலால் பெயரொப்புமை கண்டு மயங்கலாகாது. நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்னும் பெயரால் விற்கப்படுவது இதன் ஆண்கூம்பே. பூவே இல்லாத மரத்தின் உறுப்பொன்று பூவென்று பெயர்பெற்று விலைபோவது ஒரு வேடிக்கை.

இம்மரங்களின் உடலெங்கும் விஷம் நிறைந்திருக்கும். சைகாசின் முதலிய நச்சுப்பொருள்கள் இலையிலும் வித்திலும் உள்ளன. வித்தினை மாவாக்கி உண்ணும் மலைநாட்டு மக்கள் அதனை அரிந்து உலர்த்தியும், பலமுறை நீரில் ஊறவைத்தும், வேகவைத்தும் விஷத்தைப் போக்கிய பின்னரே உண்பது வழக்கம். ஆடுமாடுகள் இலையை மேய்ந்து கால் முடங்கியதும் உண்டு. இவ்வாறு தன்னைக் காத்துக்கொள்ளும் மரம் ஒரு சிறு வண்டுக்கு மட்டும் விருந்து வைப்பானேன்? இக்கேள்விக்கு விடை காணுமுன், நெடுங்காலமாக அறிஞரிடையே நிலவிய ஓர் எண்ணத்தை முதற்கண் எடுத்துரைக்க வேண்டும்.

ஆண்மரத்து மகரந்தம் பெண்மரத்துச் சூலை அடைவது எவ்வாறு? காற்றே கொண்டுசெல்கிறது என்று புத்தகங்கள் எழுதிவந்தன. பைன் மரங்களுக்கு அப்படியே நடைபெறுவதால் அவற்றின் உறவாகிய சைகட்டுக்கும் அதுவே முறையாயிருக்கும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், சைகட் மிகப் பழைய குலம் என்ற எண்ணமேயாம். ஜப்பானிய அறிஞர் இக்கெனோ 1896-ஆம் ஆண்டில் சைகஸின் ஆண் அணு நீரில் நீந்திச் செல்வதைக் கண்டுபிடித்தார்; பாசிகளுக்கும் பெரணிகளுக்கும் உரிய இயல்பு வித்துடைய மரத்திலும் இருத்தல் கண்டு உலகம் வியந்தது. இத்துணைப் பழமையான மரத்துக்குப் பூச்சியை அழைத்துப் பணிகொள்ளும் திறம் எங்ஙனம் வந்திருக்கும்? அது வண்ணமலர் பூக்கும் பிற்காலச் செடிகளுக்கே உரியது என்று கருதினர் போலும்.

மாறாகக் கண்டவரும் இல்லாமற் போகவில்லை. தென் ஆப்பிரிக்காவில் பியர்சன் 1906-லும் ராட்ரே 1913-லும் அந்நாட்டுச் சைகட்டாகிய என்செபலார்ட்டஸின் கூம்புகளில் வண்டுகள் ஊர்ந்து திரிவதைக் கண்டு, இவையே மகரந்தம் சுமப்பனவாதல் வேண்டும் என்று எழுதினர். அவர்களுடைய சொல் அம்பலம் ஏறவில்லை. சைகட்டுகளைத் தேடி மெக்ஸிகோவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் அலைந்து, 1919-ல் அக்குலத்தைப் பற்றித் தனிநூலே எழுதிய சிகாகோ சர்வகலாசாலைப் பேராசிரியர் சேம்பர்லேன் காற்றின் பக்கமே சாய்ந்தார். பெரியவர் ஒருவர் சாய்ந்த பக்கம் பின்வந்தோர் பலரும் சாய்ந்தனர். இங்ஙனம் ஏறக்குறைய 70 ஆண்டுகள் கழிந்தன.

1984-ல் நிக்லஸ், நார்ஸ்டாக் என்னும் இரு அமெரிக்க அறிஞர், காற்றின் ஓட்டத்தில் மகரந்தத்தைத் தூவிக் கூம்பின் மேல் அது எங்கே படிகிறது என்று அளந்து பார்த்தனர். சைகஸின் பெண்ணுறுப்பு நெருங்கிய கூம்பாகாமல் விரிந்த இலைகளின் தொகுதியாய் இருப்பதால் காற்று அதற்கு ஒருவாறு உதவக்கூடும் என்று தோன்றிற்று. ஸாமியா போன்றவற்றின் இறுகிய கூம்புகளிலோ மகரந்தம் செதிலின் புறத்தே படிந்ததேயன்றி, உள்ளே சூலின் வாயை அடையவில்லை. இரண்டாண்டு கழிந்து, 1986-ல், ஸ்டீவன்சன் என்பாரும் இவர்களோடு சேர, ஸாமியா பர்பரேசியா என்னும் இனத்தைக் கொண்டு செய்த சோதனை வெளியாயிற்று. சில பெண்கூம்புகளைக் காற்றுப்படாமல் தடுத்து, வண்டுமட்டும் சென்று சேருமாறு விட்டனர். வேறு சிலவற்றில் காற்று வீச இடந்தந்து, வண்டு மட்டும் அணுகாதவாறு தடுத்தனர். காற்றைத் தடுத்ததனால் குறைவொன்றும் நேரவில்லை. வித்துக்கள் வழக்கம்போல் முற்றின. வண்டைத் தடுத்த கூம்புகளோ மிகப் பெரும்பாலும் மலடாயின. இச்சோதனைக்கு வேண்டுவன கூம்பை மறைக்கும் ஒரு மறைப்பும் காத்திருக்கும் பொறுமையுமே. 1906-ஆம் ஆண்டிலேயே இதனைச் செய்திருக்கலாம். ஒருவரும் செய்யாமைக்குக் காரணம், விடை முன்னரே தெரியும் என்று எல்லாரும் எண்ணியிருந்ததேயன்றி வேறு யாதாக இருத்தல் கூடும்?

ஸாமியா பர்பரேசியா மெக்ஸிகோவின் வேராகுரூஸ் மாகாணத்துக் கடற்கரை மணற்குன்றுகளில் வளர்வது. அடிமரம் குட்டையானது, பாதி மண்ணுள் புதைந்திருக்கும். இலைகள் தடித்து, அட்டையைத் தொட்டாற்போல் விறைத்து, பழுப்பு நிறத் துகள் போர்த்தியிருக்கும். ஆதலின் தோட்டக்காரர் இதனை அட்டைப்பனை என்று விற்பர். வித்துக்கள் நல்ல சிவப்பு நிறம் உடையன. இதனோடு வாழும் வண்டு நெல்மணியினும் சிறியது. ரொப்பலோட்ரியா என்னும் இனத்தைச் சேர்ந்தது. நம் தென்னைக் கூன்வண்டுக்கு இது தூரத்து உறவே. மூக்குடைய வண்டுகளுள் மிகப் பழைய கிளையொன்றிலிருந்து வந்தது என்பர்.

ஆண்கூம்பு முதிர்ந்து, செதில்கள் சற்றே விலகத் தொடங்கியவுடன் வண்டுகள் வந்து குழுமுகின்றன. செதில்களின் தடித்த வெளிமுனை மாவுச்சத்து நிறைந்தது. அதனையே வண்டுகள் மூக்கினால் துளைத்து உண்கின்றன. துளைத்த குழியில் பெண்வண்டு முட்டையிடுகிறது. முட்டையினின்றும் வெளிவந்த புழு அச்செதிலின் உள்ளேயே வளர்ந்து, அதனுள்ளேயே கூட்டுப்புழுவாகி, சில நாட்களில் சிறகுள்ள வண்டாய் வெளியேறுகிறது. ஒரு செதிலே அதற்குப் பிறந்த வீடும் பண்டசாலையும் ஆகிறது. மகரந்தப் பைகள் செதிலின் அடிப்புறத்தில் இருத்தலின் புழுவின் வாய்க்குப் பெரும்பாலும் தப்புகின்றன. வெளியேறும் வண்டோ வெடித்த பைகளின்மேல் ஊர்ந்தே செல்ல வேண்டும். உடலெல்லாம் மகரந்தப்பொடி பூசிக்கொண்டுதான் அது புறப்படுகிறது.

மரம் இதற்காக இழந்தது யாது என்று கணக்கிடுவோமாக. மகரந்தம் சிந்திய பின் ஆண்கூம்பு வாடி விழுந்து மட்கிப் போவது இயல்பு. வண்டு உண்டது, அவ்வாறு வீணாகவிருந்த பொருளையே. வித்துக்குள் வைக்க வேண்டிய உணவில் ஓர் அணுவும் செலவாகவில்லை. பூவில் தேனூற்றி வண்டை அழைக்கும் செடி அதற்கென்றே ஒரு பொருளை உண்டாக்க வேண்டும். ஸாமியாவுக்கு அத்தொல்லையும் இல்லை.

இனிப் பெண்கூம்பைப் பார்ப்போம். அங்கும் மாவுச்சத்து மிகுதி. சூலினுள் இருக்கும் உணவோ பின்னும் மிகுதி. வண்டு அங்கே சென்று இவ்வாறே தின்னத் தொடங்கினால் மரத்தின் சந்ததி அற்றுப்போம். ஆயினும் பெண்கூம்பினுள் நுழையும் வண்டு அதனை உண்பதுமில்லை, முட்டையிடுவதுமில்லை. நார்ஸ்டாக், பாசெட் இருவரும் 1989-ல் இதற்குரிய காரணத்தை ஆராய்ந்து எழுதினர். ஆண்கூம்பு, பெண்கூம்பு இரண்டிலும் நச்சுப்பொருள் தனித்தனி உயிரணுக்களில் அடைக்கப்பட்டிருக்கிறது. ஆண்கூம்பில் அவ்வணுக்கள் உறுதியாக மூடியிருக்கின்றன. புழு அவற்றை விழுங்கினாலும் அவை உடையாமல் குடல் வழியே கழிந்துவிடுகின்றன. பெண்கூம்பிலோ அவை திறந்து, நஞ்சு சுற்றிலும் பரவி நிற்கிறது. ஒரே குலத்து மரம், ஒரே விஷம். ஓரிடத்தில் அது பெட்டியுள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, மற்றோரிடத்தில் உணவோடு கலக்கப்பட்டிருக்கிறது. எதனை உண்ணலாம், எதனை உண்ணலாகாது என்று மரமே வரையறுக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த உறவினை இருவருக்கும் இலாபமான வியாபாரம் என்று புகழ்ந்து எழுதுவார் உளர். நமக்கு அது முற்றும் நேர்மையான வியாபாரமாகத் தோன்றவில்லை. பெண்கூம்பினுள் சென்ற வண்டுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அது ஆண்கூம்பென்று எண்ணியே உள்ளே புகுகிறது. செதில்களின் சந்தில் அலைந்து, உடம்பில் ஒட்டிய பொடியைச் சூலின் வாயருகே உதிர்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்புகிறது. கூலி ஆண்மரத்தில், வேலை பெண்மரத்தில் என்பதே இதன் ஏற்பாடு.

அப்படியாயின், விருந்து நடக்கும் ஆண்கூம்பை விட்டு வண்டு ஏன் வெளியேறுகிறது? வெறுங்கூம்பினுள் ஏன் நுழைகிறது? இதற்கு விடை அண்மைக் காலத்திலேதான் தெளிவாயிற்று. முதிர்ந்த சைகட் கூம்பு தானே சூடுண்டாக்கிக்கொள்ளும். சேமித்த மாவுச்சத்தை எரித்து, மாலைப்போதில் சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை மிகுதியாக வெப்பமடையும். கையால் தொட்டே அறியலாம் என்பர். அவ்வெப்பத்தோடு வாசனையும் கிளம்புகிறது. 2020-ல் சால்ஸ்மன் முதலிய அறிஞர் ஸாமியாவின் வாசனைப் பொருளை ஆராய்ந்தபோது, அஃது அளவிற் குறைந்திருக்கையில் வண்டை இழுப்பதையும், மிகுந்துவிட்டால் துரத்துவதையும் கண்டனர். நாளின் ஒரு பொழுதில் ஆண்கூம்பின் நெடி பொறுக்கமாட்டாது வண்டுகள் வெளிப்படுகின்றன. அப்போது மெல்லிய அதே மணம் வீசும் பெண்கூம்பு அவற்றை அழைக்கிறது. நெடி அடங்கியபின் மீண்டும் ஆண்கூம்பு விருந்துக்கு அழைக்கிறது. நறுமணத்தினால் அழைப்பதைப் பல செடிகளும் செய்யும். அழைத்த விருந்தினரை உரிய வேளையில் அம்மணத்தாலேயே எழுப்பி அனுப்புவது ஸாமியாவின் சாமர்த்தியம்.

2025-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இதனினும் வியப்புக்குரியது. கூம்பின் வெப்பம் வாசனையைப் பரப்புவதற்கு மட்டும் உதவுகிறது என்று அதுவரை கருதப்பட்டது. இவ்வாராய்ச்சியாளர் அவ்வெப்பத்திலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரையே வண்டு உணர்கிறது என்று காட்டினர். வண்டின் உணர்கொம்பின் நுனியில் அதற்குரிய உணர்பொறி இருக்கிறது. கூம்பின் பொய்யுருவம் ஒன்றைச் செய்து சூடேற்றி வைத்தபோதும் வண்டுகள் அதனை நாடிச் சென்றன. ஆண்கூம்பு முதலிலும், அதன் சூடு தணிந்தபின் பெண்கூம்பு அடுத்தும் வெப்பமடைகின்றன. இருளில் வண்டு ஒன்றைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல இது வழிகாட்டுகிறது. மலர்கள் வண்ணத்தால் பூச்சியை அழைக்கத் தொடங்குமுன், நிறமற்ற இம்மரங்கள் வெப்பத்தால் அழைத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

சைகட்டைத் தின்னும் வண்டுகள் எல்லாம் இவ்வாறு பணிசெய்வன என்று எண்ணிவிடலாகாது. தென் ஆப்பிரிக்காவின் ஆண்ட்லியார்ஹினஸ் என்னும் வண்டின் பெண்ணுக்கு மூக்கு அதன் உடலினும் நீளமானது. பெண்கூம்பின் இறுகிய செதில்களுக்கிடையே அம்மூக்கைச் செலுத்தி, சூலைத் துளைத்து, அதனுள் முட்டையிடுகிறது. புழுக்கள் வித்தின் உணவைத் தின்று தீர்க்கின்றன. மரத்துக்கு இதனால் சிறிதும் பயனில்லை. ஸாமியா அமைத்த காவலை இதன் மரபினர் மூக்கின் நீளத்தால் வென்றுவிட்டனர் என்று சொல்லுதற்கும் இல்லை. இஃது உண்பது வேறு பேரினம், வாழ்வது வேறு கண்டம். அமெரிக்க வெப்பநாடுகளில் அவுலகோஸெலிஸ் என்னும் இலைவண்டு சைகட்டின் தளிரைத் தின்கிறது. அதனைப் பிடித்து அழுத்தினால் கால்மூட்டுகளிலிருந்து ஒருவகை நீரைக் கசியவிடும்; அந்நீரில் மரத்தின் விஷமே இருப்பதை 2011-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. மரம் தன்னைக் காக்க வைத்த நஞ்சைத் திருடித் தன்னைக் காத்துக்கொள்கிறது அவ்வண்டு.

இவ்வுறவு எக்காலத்தில் தொடங்கிற்று? அந்தார்க்டிகா இப்பொழுது பனிமூடிய பாலை. ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே காடு இருந்தது. அக்காலப் பாறையிலிருந்து எடுத்த ஒரு சைகட்டின் ஆண்கூம்பினுள் பூச்சியின் எச்சம் கல்லாகிக் கிடந்ததையும், அவ்வெச்சத்தில் அம்மரத்தின் மகரந்தமே நிறைந்திருந்ததையும் 2005-ல் அறிஞர் எழுதினர். அப்பூச்சி வண்டுதான் என்று துணிதற்கில்லை. மியன்மார் நாட்டு அம்பரில் கிடைத்த சான்று இதனினும் தெளிவானது. சுமார் 9 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினில் சிக்கிய ஒரு சிறு வண்டு, தன் அருகே சைகட் மகரந்தத் துகள்களோடு அப்படியே பதிந்திருக்கிறது. அதன் தாடையின் அடியில் மகரந்தம் ஏந்துதற்கேற்ற குழியும் உண்டு. 2018-ல் இதனை வெளியிட்ட அறிஞர் அதற்குக் கிரெட்டோபாராகுகுஜஸ் என்று பெயரிட்டனர். அதன் நெருங்கிய உறவினன் இன்றும் மேற்கு ஆஸ்திரேலியாவில் மாக்ரோஸாமியா என்னும் சைகட்டின் ஆண்கூம்பில் மகரந்தம் உண்டு வாழ்கிறது.

இவற்றைக் கொண்டு, இன்றைய ஸாமியாவும் அதன் கூன்வண்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பிரியாத தோழர் என்று எழுதிவிடுவது எளிது. அவ்வாறு எழுதியவரும் பலர். இது பொருந்தாது. சைகட் இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2011-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, இன்று உயிரோடிருக்கும் இனங்களுள் பெரும்பாலானவை ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டே தோன்றின. குலம் பழையது, அதில் இன்றுள்ளோர் புதியோர். அந்தார்க்டிகாவில் உண்ட பூச்சியும் அம்பரில் சிக்கிய வண்டும் ஸாமியாவின் கூன்வண்டுக்குப் பாட்டனாரும் அல்ல. சைகட் கூம்பில் பூச்சி உண்பதும், அதன்மூலம் மகரந்தம் செல்வதும் ஆகிய வழக்கமே பழமையானது. அவ்வழக்கில் பூச்சிகள் ஒன்று போக மற்றொன்று வந்து, கண்டத்துக்குக் கண்டம் வேறுவேறாய்ப் பங்குகொண்டிருக்கின்றன.

பழங்கதையை இவ்வளவில் நிறுத்தி, இன்றைய நிலைக்கு வருவோம். தாவரக் குலங்களுள் அழியும் அபாயம் மிகுந்தவற்றில் சைகட் முன்னிற்கிறது. அதன் இனங்களில் பாதிக்கு மேற்பட்டவை அபாயப் பட்டியலில் உள்ளன. தென் ஆப்பிரிக்காவில் காட்டு மரங்களை இரவில் வேரோடு பெயர்த்து, தோட்டப் பிரியர்க்கு விற்கும் களவு ஓயவில்லை. அட்டைப்பனையும் வேராகுரூஸ் மணற்குன்றுகளிலிருந்து அளவின்றித் தோண்டி எடுக்கப்பட்டது. எஞ்சிய நிலம் மேய்ச்சலுக்குச் சென்றது. உலகத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் காணப்படும் அதே செடி தன் தாய்நாட்டில் அருகிவிட்டது.

இங்கே கணக்கில் வராத நட்டம் ஒன்றுண்டு. மரங்களை எண்ணுவோர் வண்டுகளை எண்ணுவதில்லை. கூன்வண்டுக்கு ஸாமியாவின் ஆண்கூம்பு ஒன்றே உணவு. காட்டில் மரங்கள் சிலவாகி, ஒன்றுக்கொன்று தொலைவாகி, ஓராண்டில் போதிய ஆண்கூம்பு எழாவிடில் வண்டு முதலில் மறையும். மரமோ பல பத்தாண்டுகள், சில இனங்களில் நூற்றாண்டுகளும், ஒரு குறையுமின்றிப் பசுமையாய் நிற்கும், கூம்பும் விடும். வித்து மட்டும் பிடிக்காது. பார்ப்பவர்க்குக் காடு இருக்கிறது என்றே தோன்றும். பிறநாட்டுத் தோட்டங்களில் வளரும் பல சைகட்டுகளின் நிலையும் இதுவே. வண்டு கூட வராத இடத்தில், தோட்டக்காரர் ஆண்கூம்பின் பொடியைச் சேர்த்து வைத்து, பெண்கூம்பு இசைவான நாளில் தம் கையாலேயே அதனுள் செலுத்துகின்றனர். அன்றெனில் வித்தில்லை. வண்டின் வேலையை மனிதன் செய்வது கூடும். எனினும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவ்வேலைக்கு ஆள் வேண்டும்.

ஆளிருந்தும் பயனில்லாத ஒரு மரத்தைப் பற்றியும் கூறவேண்டும். தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் நாட்டைச் சேர்ந்த ஒங்கோயே காட்டில், 1895-ல் ஜான் மெட்லி வுட் என்னும் தாவர அறிஞர் என்செபலார்ட்டஸ் குலத்துப் புதிய மரம் ஒன்றைக் கண்டார். ஒரு தூரிலிருந்து எழுந்த சில அடிமரங்களே அங்கு இருந்தன. அனைத்தும் ஆண். அவருடைய பெயரால் அது என்செபலார்ட்டஸ் வுடியை எனப்பட்டது. அதன் பக்கக் கன்றுகளை டர்பன் தாவரத் தோட்டத்தில் நட்டனர். ஒன்றை 1899-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு அனுப்பினர். காட்டில் எஞ்சிய கடைசி அடிமரத்தையும் 1916-ல் பெயர்த்தெடுத்துவிட்டனர். இன்று உலகின் பல தோட்டங்களில் நிற்பவை யாவும் அவ்வொரு மரத்தின் கன்றுகளே. கியூவில் நட்ட மரம் 2004-ல்தான் முதன்முதல் கூம்பு விட்டது. வேறோர் இனத்துப் பெண்மரத்தில் அதன் மகரந்தத்தை இட்டுக் கலப்பு மரங்களை உண்டாக்கியிருக்கின்றனர். அதன் சொந்த இனத்துப் பெண்மரம் மட்டும் எங்கும் இல்லை. அண்மை ஆண்டுகளில் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டு, ஒங்கோயே காட்டை மேலிருந்து படமெடுத்துத் தேடத் தொடங்கியிருக்கின்றனர். காட்டின் பெரும்பகுதி இன்னும் தேடப்படாமல் இருக்கிறது.